சுகந்திக்கு வந்த கடிதம்

வேலை தேடிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. இருபத்திரண்டு வருடம், கனடாவில் மொன்ட்ரியால்-நோரில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், இப்போது நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும் அதே அறைகளில். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். சுயவிபரம் தயாரிப்பது, படிவம் நிரப்புவது, நேர்முகத்துக்கு ஆளைப் பழக்குவது எல்லாம் இரண்டு கிழமையில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நான் விட்ட இரண்டு பிழைகளை எழுதுகிறேன். ஒன்று சின்னது. மற்றது ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்திருந்த கடைசிக் காலத்தைக் கெடுத்தது. சின்னப் பிழையிலிருந்து நான் படித்த பாடம்தான் பெரியதைச் செய்ய வைத்தது. ஆகவே இரண்டையும் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

நம்மிடம் வருகிறவர்களை உங்களுக்குத் தெரியும். ஊரில் ஆசிரியராக, தாதியாக, மின்சார வேலை தெரிந்தவராக இருந்துவிட்டு, இங்கே வந்து டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர்கள், பயணப்பெட்டி தூக்குகிறவர்கள். பிரெஞ்சு பேசும் இந்த மாகாணத்தில் பழைய தொழிலுக்குத் திரும்ப வேண்டுமானால் பிரெஞ்சுப் பரீட்சை. பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து, பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்து, அதற்குப் பிறகு பிரெஞ்சு வினைச்சொற்களை மனப்பாடம் செய்வது எல்லாராலும் முடிகிற காரியமல்ல. ஒருமுறை தவறினால் மறுபடி எழுதுவார்கள். இரண்டாம் முறையும் தவறினால் பலர் அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிடுவார்கள்.

அந்த நாட்களில்தான் அவுஸ்திரேலியாவிலுள்ள ஒரு நகரம் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தது. அதன் பெயர் வேண்டாம். கடற்கரையிலிருந்து நாலைந்து மணித்தியாலம் காரில் உள்ளே போக வேண்டும். நடுவே ஓர் ஆறு, சுற்றிவரக் கோதுமை வயல். பெருநகரங்களில் வீட்டு வாடகை தாங்காமல் ஆட்கள் அங்கே குடிபெயர, நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் புதிய கட்டடம், முதியோர் இல்லங்கள், குழந்தைகள் பராமரிப்பு நிலையங்கள், இறைச்சித் தொழிற்சாலை, ரயில் பாதை வேலை என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கவும் விசாவுக்குப் பொறுப்பு நிற்கவும் அங்குள்ள முதலாளிகள் தயாராக இருந்தார்கள். மாதம் ஒருமுறை வெற்றிடப் பட்டியல் மின்னஞ்சலில் வரும். பிரெஞ்சு தேவையில்லை, ஆங்கிலம் போதும். பிரெஞ்சில் தோற்றுப்போன ஒருவரிடம் "இங்கிலிஸ் காணும்" என்று சொல்லும்போது அவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பார்ப்பதற்காகவே சனிக்கிழமைகளில் ஒரு சின்னக் கூட்டம் வைத்து அந்தப் பட்டியலை விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.

எங்கள் மூலமாக முதலில் அங்கே போனவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு வெல்டர். மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். சம்பளம், விசா, பள்ளிக்கூடம், வாடகை எல்லாவற்றையும் விசாரித்துச் சொன்னேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர்கள் போய் ஐந்து மாதத்தில் மனைவி ரெலிபோன் எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் எல்லாம் சொன்னனீங்கள். இஞ்ச பஸ் இல்லை எண்டதை மட்டும் சொல்லேல்லை."

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் விடிய ஐந்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். புதிதாகக் கட்டிய வீட்டுத்திட்டம், கடைக்குப் போக ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நடக்க வேண்டும். மொன்ட்ரியாலில் மெத்ரோவிலும் பஸ்ஸிலும் தனியாக ஏறி இறங்கித் திரிந்த பெண். "யன்னலாலை பாத்தா ஒரு ஆள் நடந்து போறதைக் காணேலாது அண்ணை. நாள் முழுக்கப் பாத்தாலும் காணேலாது" என்றார். போய்ப் பதினோராம் மாதத்தில் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இருந்த வீடும் இல்லை, விட்டுப்போன வேலையும் இல்லை. அடுத்த வருடம் அந்த வெல்டரை எங்கள் மூலைக்கடையில், ஒரு தெப்பனரில், கண்டேன். பால் எடுக்க வந்தவர் என்னைக் கண்டதும் குளிர்பெட்டியின் பக்கம் திரும்பி, நான் வெளியே போகும்வரை அப்படியே நின்றார்.

இதிலிருந்து நான் என்ன படித்திருக்க வேண்டும்? தெரிந்த எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், தெரியாததை விசாரிக்க வேண்டும் என்பதைத்தான். நான் படித்தது வேறு. ஆட்களுக்குத் தங்கள் நன்மை தீமை தெரியாது, அவர்களுக்காக நான்தான் யோசிக்க வேண்டும் என்று படித்துக்கொண்டேன். அது அக்கறை போலத்தான் எனக்குத் தோன்றியது. நல்ல மனத்தோடுதான் செய்கிறேன் என்ற நினைப்பு இருக்கும்போது பிழை கண்ணுக்குத் தெரியாது.

சுகந்தி அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தார். வன்னிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பத்து வருடம் தாதியாக இருந்தவர். கணவர் ஜெயரூபன் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு மொன்ட்ரியால் வந்து, ஒரு பெண்பிள்ளையைப் பெற்று வளர்த்து, டோர்வலில் விமானச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பரீட்சையில் இரண்டு முறை தவறியிருந்தார். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த விசாவுக்கு நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அதனால் இது ஒரே தடவைதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதிகம் கதைக்காதவர். சொன்னதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். அந்த நகரத்தில் ஒரு முதியோர் இல்லம் ஆள் தேடியது. முதலில் பராமரிப்பாளராக வேலை, அவர்களுடைய செலவிலேயே படிப்பு, பிறகு தாதியாகப் பதிவு. பஸ் இல்லை என்பதை முதல் நாளே சொன்னேன். "அப்ப கார் ஓடப் பழகுறன்" என்று சொல்லி, இரண்டு மாதத்தில் அனுமதிப்பத்திரத்தோடு வந்து நின்றார். ஆங்கிலப் பரீட்சை எழுதித் தேறினார். வீட்டில் கணினி ஒழுங்காக வேலை செய்யாததால் விண்ணப்பத்தில் என் மின்னஞ்சலையே கொடுத்தோம். கணினி வழியாக நேர்முகம் என் அறையில்தான் நடந்தது. நான் வெளியே நின்றேன். நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது அவருடைய கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

"விழுந்து கிடக்கிற வயசான ஆளை எப்பிடித் தூக்குவீங்கள் எண்டு கேட்டவை. முதல்ல தூக்க மாட்டன் எண்டு சொன்னனான். எங்கை நோகுது எண்டு அவரிட்டை கேப்பன், பேந்துதான் தொடுவன் எண்டு சொன்னனான். அந்த மனுசி எழுதிக்கொண்டவ" என்றார். அன்று போல அவர் சிரித்து நான் பிறகு காணவில்லை.

பதினைந்து நாள் கழித்து, மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, கடிதம் மின்னஞ்சலில் வந்தது. வேலை அவருக்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். சுகந்திக்கு அறிவிக்கக் கையில் ரெலிபோனை எடுத்தேன். அந்த நேரம் கதவைத் தட்டிக்கொண்டு ஜெயரூபன் உள்ளே வந்தார்.

அவரை அதற்கு முன் ஒருமுறைதான் கண்டிருந்தேன். ஒரு களஞ்சியத்தில் பாரம் ஏற்றும் வேலை. நல்ல உயரம். அன்று கதிரையில் இருப்பதற்கே மூச்சு வாங்கினார். கணுக்கால் வீங்கி, சப்பாத்தின் நாடாவைக் கட்டாமல் விட்டிருந்தார். குளிர் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

"அண்ணை, எனக்கு ரெண்டு கிட்னியும் போகுது. கோடைக்கு முதல் மெஷினிலை போடவேண்டி வரும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"சுகந்திக்குத் தெரியுமோ தம்பி?"

"சொல்லேல்லை."

"என்னத்துக்குச் சொல்லாமல் இருக்கிறீர்?"

அவர் சுவரில் ஒட்டியிருந்த அந்த நகரத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த விசாவுக்குக் குடும்பத்திலை எல்லாரும் மெடிக்கல் செய்யோணுமாம். ஒராள் பாஸ் பண்ணாட்டி எல்லாருக்கும் இல்லையாம். நான் வாசிச்சுப் பாத்தனான். வேலை கிடைச்சு, பேந்து என்னாலை போகேலாமல் போனா, அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எனக்குப் பக்கத்திலை வந்து இருந்திடுவாள். அதுதான் எனக்கு ஏலாது. வேலை கிடைக்கேல்லை எண்டா அது ஒருத்தருடைய பிழையும் இல்லை. அண்ணை, கடிதம் வந்தா வரேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ."

கடிதம் என் மேசையில், அவருக்கு முதுகு காட்டிய கணினித் திரையில் திறந்தபடி இருந்தது. வந்துவிட்டது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம் தம்பி" என்றேன். அவர் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு விளங்கியது. திருத்தவில்லை.

அந்தக் கிழமை நான் செய்யாமல் விட்டவற்றைச் சொல்கிறேன். அவருடைய மருத்துவச் சோதனை நிலைமை பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. சில விசாக்களில் விலக்குக் கேட்க வழி இருக்கிறது என்று பிறகு ஒரு சட்டத்தரணி எனக்குச் சொன்னார். கிடைத்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம் என்றார். "நீர் போய் மனைவியிடம் சொல்லும், சொல்லத் துணையாக நான் வருகிறேன்" என்று ஜெயரூபனிடம் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத் தலைவியிடம் போகவில்லை. பக்கத்து அறை, கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும்.

புதன்கிழமை மத்தியானம் டோர்வலிலிருந்து சுகந்தி எடுத்தார். பின்னால் தட்டுகள் உரசும் சத்தம்.

"அண்ணை, ஏதும் வந்ததோ?"

"இன்னும் இல்லைப் பிள்ளை."

"சரி அண்ணை. இடைவேளை முடியுது, வைக்கிறன்."

பொய் சொல்ல எனக்கு மூன்று சொல் போதுமாக இருந்தது. அது இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதில் அனுப்பாமல் விட்டேன். அதோடு முடிந்துவிடும் என்று எண்ணினேன். திங்கட்கிழமை, நேர்முகம் செய்த அந்தப் பெண்ணே தனிப்பட எழுதியிருந்தார். சுகந்திதான் தங்கள் முதல் தெரிவு, குடும்பத்தோடு யோசிக்க நேரம் வேண்டுமென்றால் இன்னும் ஒரு கிழமை தருகிறோம் என்று. அந்த மின்னஞ்சலை இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு, குடும்பக் காரணங்களால் விண்ணப்பதாரர் விலகிக்கொள்கிறார் என்று சுகந்தியின் சார்பில் நான் எழுதினேன். இதுவரை நான் சொன்னவை கோழைத்தனம். இது வேறு. இன்னொருவருடைய பெயரில் அவருடைய வாழ்க்கையைப் பற்றி நான் முடிவெடுத்தேன். அறையில் இருந்தது இரண்டு ஆண்கள், தீர்மானிக்கப்பட்டது ஒரு பெண்ணின் காரியம் என்பதுகூட அன்று எனக்கு உறைக்கவில்லை.

சுகந்தியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அவை வேறை ஆளை எடுத்திட்டினமாம் பிள்ளை."

அவர் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார். எழுத ஒன்றுமில்லாமல் மூடினார்.

"என்ர இங்கிலிசோ அண்ணை? அந்த மனுசி கேட்ட ஒரு கேள்வி எனக்கு முதல் விளங்கேல்லை. திருப்பிக் கேட்டனான்."

இங்கேயாவது நான் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். உங்கள் பேரில் குறை எதுவும் இல்லை, உங்களைத்தான் அவர்கள் முதலில் வைத்திருந்தார்கள் என்று அரைவாசி உண்மையாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் மேலும் கேள்வி கேட்பார், நான் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன்.

"ஏனெண்டு அவை சொல்லேல்லை" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பிரெஞ்சு வகுப்புக்கும் போவதை அந்த மாதமே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் முறை பரீட்சைக்குப் பதிந்து வைத்திருந்ததைக் கைவிட்டார். டோர்வலில் மேலதிக நேரம் எடுத்தார். பத்து வருடம் ஆஸ்பத்திரியில் நின்ற ஒரு தாதி, தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பத் தொடங்கியது என்னுடைய அந்த ஒரு வசனத்தால்தான்.

ஜெயரூபனை ஆனி மாதம் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். வீக்கத்தையும் களைப்பையும் பாரம் ஏற்றுவதால் வந்தவை என்று சொல்லி அதுவரை சமாளித்திருந்தார். அப்போதுதான் மனைவிக்குத் தெரிந்தது. மறைத்ததற்காக அவர் கணவரோடு மாதக்கணக்கில் ஒழுங்காகக் கதைக்கவில்லை என்று அவர்களுக்கு வேண்டிய ஒருவர் எனக்குச் சொன்னார். கிழமைக்கு மூன்று நாள் சிகிச்சை. அதற்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தது சுகந்திதான், அந்த நகரத்துக்காக எடுத்த அனுமதிப்பத்திரத்தில். காருக்குள் இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்களாம். அடுத்த வருடக் கடைசியில் கிருமி தொற்றி ஜெயரூபன் இறந்துபோனார். உடலைப் பார்வைக்கு வைத்த இடத்துக்கு நான் போனேன். சுகந்தி கைகூப்பினார். "வந்ததுக்கு நன்றி அண்ணை. உங்களைப் பற்றி அவர் நல்லாத்தான் சொல்லுவார்" என்றார். நான் வெளியே வந்து காருக்குள் நெடுநேரம் இருந்தேன்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, என்னுடைய கோப்புகளை ஒப்படைக்கும்படி சொன்னார்கள். சுகந்தியின் கோப்பும் அதில் இருந்தது. வேலைக் கடிதம், அந்தப் பெண்ணின் மின்னஞ்சல், என் பதில் மூன்றும் அச்சடித்தபடி. ஏன் அச்சடித்து வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. எடுத்துக் கிழித்துப்போட்டால் யாருக்கும் தெரியவராது. இரண்டு நாள் அந்தக் கோப்பை என் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து அறைக்குப் போய்த் தலைவியின் மேசையில் வைத்தேன்.

அந்தத் தலைவி ஹெயிட்டியிலிருந்து சின்ன வயதில் இங்கே வந்தவர். வேலையில் நான் படித்த நல்லவை எல்லாம் அவரிடம் படித்தவை. அவர் மூன்று தாளையும் வாசித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஜெயரூபன் எப்படி வந்து இருந்தார், என் கையைப் பிடித்தார், எனக்கு எவ்வளவு இரக்கமாக இருந்தது என்றெல்லாம்.

"இரக்கம் என்று சொல்லாதீர்கள்" என்றார். "அந்த அறையில் அழுதவர் ஒருவர்தான். ஒன்றும் தெரியாதவர் டோர்வலில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். உங்கள் முன்னால் இருந்தவருக்கு நீங்கள் இணங்கினீர்கள். அவ்வளவுதான்."

ஜெயரூபன் அழவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் விட்டேன். அவர் சொன்னது விளங்கிவிட்டது.

"இதை அவருக்குத் தபாலில் அனுப்பலாமா?" என்று கேட்டேன்.

"நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் என்ன செய்ய விரும்புகிறாரோ அதை அவர் செய்யட்டும். நிர்வாகத்துக்கு நான் அறிவிக்கிறேன்."

சுகந்தி அப்போது நகரின் மேற்கே ரொக்ஸ்பரோவில், தன் தங்கையின் வீட்டுக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ட்டில் குடியிருந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனேன். மகள் கதவைத் திறந்து "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டு, தாயைக் கூப்பிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள். சுகந்தி தேத்தண்ணி வைத்துத் தந்தார். ஓய்வு பெறப்போகிறேன், விடை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

"இனி என்ன செய்யப்போறியள் அண்ணை? ஊருக்கு ஒருக்காப் போட்டு வாங்கோவன்" என்றார்.

பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னேன். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த விளக்கங்கள் எதுவும் வாயில் வரவில்லை. வராதது நல்லது.

அவர் கடிதத்தை எடுத்துத் திகதியைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து மெதுவாக வாசித்தார். அந்தப் பெண்ணின் மின்னஞ்சலை வாசித்தார். என் பதிலை வாசித்தார். அதை மட்டும் திருப்பி வைத்தார்.

"அவர் உங்களிட்டை வந்தவரோ?"

"ஓம் பிள்ளை. வந்தவர்."

"கடிதம் வந்தது அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நான் அவருக்கும் சொல்லேல்லை."

மேல்வீட்டில் யாரோ நடக்கும் சத்தம் கூரையில் கேட்டது.

"அப்ப வேறை ஆளை எடுத்திட்டினம் எண்டு நீங்கள் சொன்னதை அவரும் உண்மை எண்டுதான் நினைச்சவர்" என்றார். "நான் மேசையிலை படுத்து அழேக்கை, அவைக்கு உன்ர அருமை தெரியேல்லை எண்டு சொல்லி முதுகைத் தடவிவிட்டவர். அது பொய்க்கு இல்லை. உண்மையா எனக்காக மனம் நொந்தவர்."

"ஓம் பிள்ளை."

"நான் நிண்டிருப்பன் அண்ணை. இந்தக் கடிதத்தை அவருக்கு முன்னாலை மடிச்சு வைச்சுப்போட்டு நிண்டிருப்பன். உங்களுக்கு எண்டு நிக்கிறன் எண்டு சொல்லியிருப்பன். அது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கும் தெரிஞ்சிருக்கும். இப்ப என்ன? போக்கிடம் இல்லாததாலை நிண்ட மாதிரித்தானே ஆச்சுது. மறைச்சுப்போட்டார் எண்டு அந்த மனுசனோட நான் எத்தினை மாசம் கோபமா இருந்தனான் தெரியுமோ உங்களுக்கு? ரெண்டு வருசம் கூட இல்லை எங்களுக்கு. அதிலை எத்தினை மாசம்."

குரல் உயரவில்லை. அடுத்த அறையில் மகள் இருந்ததால் இருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன். என் கோப்பையில் அரைவாசித் தேத்தண்ணி இருந்தது. சுகந்தி அதை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினார்.

"நீங்கள் போங்கோ. பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்க வேணும்."

நான் வந்துவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து நிர்வாகத்துக்கு அவரிடமிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. தலைவி என்னைக் கூப்பிட்டு வாசிக்கத் தந்தார். பிரெஞ்சில், தன் கையால், ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். திட்டு இல்லை. நடந்தது மட்டும், திகதி வரிசைப்படி, ஒரு தாதி நோயாளியின் குறிப்பை எழுதுவது போல. என்னைத் தண்டிக்கும்படி அவர் கேட்கவில்லை. கடைசிப் பந்தியில் ஒன்றே ஒன்றைக் கேட்டிருந்தார். ஒருவருக்கு வரும் எந்தக் கடிதமும், நல்லதோ கெட்டதோ, வந்த அன்றே அவருடைய கையில் கொடுக்கப்பட வேண்டும். வீட்டில் வேறு யார் வந்து என்ன சொன்னாலும் கொடுக்கப்பட வேண்டும். கொடுத்ததற்கு அவருடைய கையெழுத்து வாங்க வேண்டும்.

எனக்கு வைக்கவிருந்த பிரியாவிடையை நிர்வாகம் நிறுத்தியது. சரியான முடிவு. கடைசி நாளன்று மேசையைத் துடைத்துவிட்டு, கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் வேலையில் அமர்த்திய ஆட்கள் எத்தனையோ பேர். படியிறங்கும்போது அவர்களில் ஒருவருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை.

நீங்கள் சேர்ந்த முதல் நாள் உங்களுக்குத் தந்த தாள்களில் ஒரு கையெழுத்துப் புத்தகமும் இருந்திருக்கும். கடிதம் வந்த திகதி, கொடுத்த திகதி, பெற்றவரின் கையெழுத்து என்று மூன்று நிரல். அலுப்பான வேலை என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அலுப்புத்தான். ஒரு நாள் உங்கள் முன்னாலும் ஒருவர் வந்து இருப்பார். கணவராகவோ தாயாகவோ மகனாகவோ இருப்பார். அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும். அவரை வெளியே தள்ள வேண்டியதில்லை. இருக்கச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், முழுதும் கேளுங்கள். பிறகு அவருக்கு முன்னாலேயே ரெலிபோனை எடுத்து, கடிதம் யாருடையதோ அவரைக் கூப்பிடுங்கள்.

சுகந்தி இப்போது என்ன செய்கிறார் என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்கக்கூடும். தாதி வேலைக்குத் திரும்பினாரா, டோர்வலில்தான் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. யாரிடமாவது விசாரித்தால் அறியலாம். நான் விசாரிக்கவில்லை. அவருடைய செய்தி எதுவும் இனி என் கை வழியாகப் போகத் தேவையில்லை.